ஐந்து மணிக்குள் ஓர் உத்தரவு

நீதிமன்றத் தட்டச்சு அறையில் மணி நாலே முக்கால். ஜாமீன் உத்தரவு திரையில் தயாராக நிற்கிறது. அச்சுக்குத்தான் போவேனா என்கிறது. தட்டச்சர் மறுபடியும் மவுஸை அழுத்துகிறாள். வெள்ளை வட்டம் செக்குமாடாய்ச் சுற்ற, பெட்டிக்குள் விசிறி இரைகிறது. மேசைக்கு எதிரே நிற்கும் பெண் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். ஐந்து மணிக்கு நீதிபதி கிளம்பிவிடுவார்; அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் அவள் கணவன் திங்கட்கிழமை வரை சிறையில்தான். “ஆயிடுமாக்கா?” “ஆயிடும்மா, கொஞ்சம் பொறு.” இரண்டு வருடமாக நத்தையாய் ஊர்ந்த கம்ப்யூட்டர் இன்று படுத்தேவிட்டது. திறந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் டிஸ்க்கைப் பார்க்கிறாள். ஊசி குத்த இடமில்லை. பாதியை அடைத்துக்கொண்டிருப்பவை வழக்குக் கோப்புகள் அல்ல. போனில் இடம் போதாமல் அவளே கொண்டுவந்து போட்ட மகளின் வீடியோக்கள். பொக்கை வாய்ச் சிரிப்பு, தப்புத் தப்பாய்ப் பாடிய பாட்டு. வேறெங்கும் பிரதி கிடையாது. பென் டிரைவில் ஏற்ற, இந்த வேகத்தில் ஒரு மணி நேரமாவது ஆகும். தாழ்வாரத்தில் காவலாளியின் சாவிக்கொத்து குலுங்குகிறது. மொத்தத்தையும் தேர்ந்தெடுக்கிறாள். நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்கிறது. “என்னக்கா ஆச்சு?” “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிக்கொண்டே அழுத்துகிறாள். விசிறி மெல்ல அடங்குகிறது. பிரிண்டர் கனைத்துக்கொண்டு தாளை இழுக்கிறது. சூடு ஆறாத தாளோடு இருவரும் நீதிபதியின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே படித்துக் கையெழுத்திடுகிறார். தட்டச்சர் தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மகளின் வீடியோ ஒன்றாவது மிச்சமிருக்காதா என்று போனைத் திறந்து தேடுகிறாள்.