பானெட் தூக்கி நின்ற வண்டி

"பாரு, இன்னைக்கும் பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறா!"

எலைஜா ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். பின்சீட்டில் குழந்தையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்த அவன் மனைவி நோரீன் விழித்துக்கொண்டாள்.

மாலைக் காப்பி வேளை இப்போதுதான் கழிந்திருந்தது. அதற்குள் கும்மிருட்டு. ஜனவரியில் இந்த வடகோடியில் அப்படித்தான். வண்டி விளக்கில் பனியும் பாதையும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. மேட்டின் உச்சியில் யூனிஸ் அக்காவின் மரக்குடில். வாசலிலேயே அவளுடைய பழைய பிக்கப் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிக்கு என்ன அவசரம்? நாம போயிடலாம்" என்றான்.

"பானெட் தூக்கியிருக்குல்ல? நிறுத்து" என்றாள் நோரீன்.

அவன் பிரேக்கை மிதித்தான். போன் சிக்னலே எடுக்காத இந்த நெடுஞ்சாலையில் பானெட் தூக்கி நிற்கும் வண்டியைத் தாண்டிப் போகிறவனை மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். அடுத்த ஊரில் அவனுக்கு டீகூடக் கிடைக்காது.

ஆனாலும் அவனுக்கு எரிச்சல் அடங்கவில்லை. பல வருஷ ஏக்கத்துக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை. தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம். சொந்தபந்தம் எல்லாம் சொந்த ஊரான மெக்ஃபர்சனில் மான்கறி சமைத்து வைத்துக் காத்திருக்கிறது. நடுவழி விடுதியில் கொஞ்சம் படுத்துப் போகலாம் என்று நோரீன் கெஞ்சியதைக்கூடக் காதில் வாங்காமல் ராத்திரியும் பகலுமாக ஓட்டி வந்திருந்தான். கண் லேசாக எரிந்தது, அவ்வளவுதான் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

யூனிஸ் அக்கா ஆடி அசைந்து வந்தாள். தோல் அங்கியில் ஒரு கரடி மாதிரி இருந்தாள்.

"வா தம்பி. என்னமோ இருமுது, நின்னுடுது. ஒரு கை பாரேன்."

அவள் பார்க்கச் சொன்னது ஒரு கை, வாங்கிய வேலையோ ஒன்பது கை. இந்த நட்டை இறுக்கு, அந்த நட்டைத் தளர்த்து என்றாள். பின்னால் ஓடிப்போய்ப் புகை வருகிறதா பார் என்றாள். வரவில்லை என்று அவன் சொன்னதும், குடிலுக்குள் போய் இன்னொரு ஸ்பேனர் எடுத்து வா என்றாள். அவன் ஓடி ஓடிக் களைத்ததில் மூச்சு மீசையில் உறைந்தது.

"அப்பன் ஆயிட்ட, இன்னும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியலையே" என்று கேலி வேறு.

"இதை எடைக்குப் போட்டுத் தொலையேன்க்கா. வாசலைத் தாண்ட மாட்டேங்குது. இதுக்குப் போய் ஊரையே நிறுத்தி வைக்கிற."

அவள் கோபப்படவில்லை. கொதிக்கக் கொதிக்கக் கடுங்காப்பியும் உலர்ந்த மான்கறியும் கொடுத்தாள். வேண்டாம் என்றவனை உட்காரவைத்து, இரண்டாவது குவளையையும் குடிக்கவைத்தாள். காருக்குள் எட்டிப் பார்த்து, குழந்தைக்கு மூக்கு அப்பன் மாதிரி இல்லாதவரைக்கும் நல்லது என்றாள். பிறகு சாவியைத் திருகினாள். வண்டி பட்டென்று உறுமியது.

"உன் கைராசி தம்பி. இனி கிளம்பு."

அதற்குப் பிறகுதான் கணவாய். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், தடுப்பு என்று ஒரு கல்கூடக் கிடையாது. காற்று பனியை வாரி இறைத்தது. எலைஜா வளைவுக்கு வளைவு அக்காவைத் திட்டிக்கொண்டே இறக்கினான். உறைந்த ஆற்றைத் தாண்டி ஊர் விளக்கைப் பார்த்த பிறகுதான் திட்டு நின்றது.

பெட்ரோல் போட நிறுத்தினான். பங்க் பெர்சி குழந்தையைக் கண்ணாடி வழியே பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றான். அதற்குள் மளிகை லாரிக்காரன் கார்லும் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

"கார்ல், அக்கா வண்டி மறுபடி நின்னுடுச்சா?" என்று எலைஜா கேட்டான்.

"இல்லையே. பானெட் மூடித்தான் இருந்துச்சு. வாசல்ல நின்னு கை காட்டினா, நான் வந்துட்டேன்."

எலைஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பார்த்தியா? நான் கை வச்ச வண்டி."

பெர்சி சிரித்துவிட்டான். "அந்த வண்டிக்கு என்ன கேடு? போன வாரம்தான் நானே என்ஜினைப் பிரிச்சுப் பார்த்தேன். தங்கம் மாதிரி இருக்கு."

எலைஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்போ வேணும்னே நிறுத்தினாளா? பச்சைக் குழந்தையோட வர்றவனை, அந்தக் குளிர்ல, ஒண்ணுமில்லாததுக்கு ஓட ஓட விரட்டினாளா?"

கார்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "திட்டாதடா. போன மாசம் என்னையும் அப்படித்தான் ஓட விரட்டினா. என் பிள்ளைங்களுக்கு இன்னைக்கு அப்பான்னு கூப்பிட ஆள் இருக்குன்னா, அது அந்த மகராசியாலதான்."

எலைஜா ஒன்றும் புரியாமல் பெர்சியைப் பார்த்தான்.

பெர்சி பின்சீட்டில் தூங்கும் தாயையும் குழந்தையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அந்த மேட்டுல நின்னா, வர்ற வண்டி விளக்கு ரொம்ப தூரத்துலயே தெரியும்டா. நேரா வர்ற வண்டிக்கு அவ பானெட்டைத் தூக்க மாட்டா. தூக்கத்துல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலையுற வண்டிக்கு மட்டும்தான் தூக்குவா."