பெட்டியோடு வந்த கத்தி

ஜன்னல் வெயிலில் பால்துரை அந்த மடக்குக்கத்தியைத் திறக்கிறார். டக்கென்று உள்ளிருக்கும் ஸ்பிரிங் கவ்வுகிறது. ராஜபாளையத்து மில்லில் பிட்டராக இருக்கும் அவர் பழைய ராணுவக் கத்திகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். தன் வீட்டில் பதினேழு இருக்கின்றன, இப்படி ஒன்று இல்லை. அலகில் துளி ஆட்டமில்லை. லென்ஸுக்கடியில் ராணுவ முத்திரையான அம்புக்குறியும் 1943 என்ற எண்ணும் மழுங்காமல் நிற்கின்றன. எதிரே சுவரோரம் ஆவுடையம்மாள் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். எழுபத்தொன்றாம் வருசச் சண்டையில் எல்லையில் செத்துப்போன புருஷனின் பெட்டியோடு வந்த கத்தி. “அவியளோடதுன்னா தரமாட்டேன். வேற ஆள் சாமான் மாறி வந்திருந்தா நீங்களே எடுத்துக்கிடுங்க” என்று அவர் வந்ததுமே சொல்லிவிட்டாள். கைப்பிடியில் பெயர் எதுவும் வெட்டப்படவில்லை. அவருக்கு உள்ளூர நிம்மதி. அலகை வெளிச்சத்துக்குச் சாய்க்கிறார். தீட்டிய கீறல்கள் அத்தனையும் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன. இடதுகைக்காரன் தீட்டிய கத்தி. “அண்ணன் எந்தக் கையால கத்தி தீட்டுவாக?” என்று வாய் முந்திக்கொள்கிறது. “நொட்டாங்கைதான். சோறு மட்டும் சோத்தாங்கையில திம்பாக. ஏன் கேக்கீக?” மில் சங்கு ஊதி ஓய்கிறது. கேட்டதன் காரணம் அவளுக்குத் தெரியாது. சும்மா கேட்டேன் என்றால் நம்பிவிடுவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. நெற்றி வியர்வை லென்ஸில் சொட்டுகிறது. “இது அண்ணனோடதுதான், மதினி.” கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாதென்று மடக்கித் தரையில் வைக்கிறார். அவள் கை நீண்டு வந்த பிறகும் அவருடைய இரண்டு விரல்கள் அதன் மேலேயே இருக்கின்றன.