கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை

"எடீ ரத்னபாய், அந்தக் கொடியைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வை! ஹோம்காரம்மா வாற நேரமாச்சு. நான் கொடி பிடிச்சு ஜாதா ஊர்வலம் போனவன்னு தெரிஞ்சா பிள்ளை கிட்டாது!"

"கொடியை ஒளிக்கலாம். ஒங்க வாயை எந்தப் பானைக்குள்ள ஒளிக்க?" என்றாள் ரத்னபாய்.

பாறசாலைத் தையல்காரர் ஜெயதாசின் வாய் ஊரறிந்தது. தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். சேர்த்தார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி ரெண்டு ராஜ்யத்துக்கும் நடுவே கோடு விழுகிறது. அவர் தத்தெடுக்கக் கேட்டிருந்த குழந்தை வளரும் மிஷன் ஹோம் கோட்டுக்குத் தெற்கே, தமிழ்நாட்டில். கத்தியவர் மட்டும் வடக்கே, மலையாளப் பக்கம்.

"கோடு விழுந்தா அது வேற ராஜ்யத்துப் பிள்ளையாணு, ஜெயதாசே. பின்னே எல்லாம் முதல்ல இருந்து" என்று நெய்யாற்றின்கரை ஆபீஸ் கிளார்க் சதாசிவன் சொல்லிவிட்டார். எல்லாக் கடுதாசியும் சேர்த்தாயிற்று. சர்ச் சபைகளில் அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு வாசிப்பதுபோல, கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இவர்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, ஹோம் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்.

"பாதிச் சபை நான் ரெண்டாம் கல்யாணம் கட்டப் போறேன்னு நினைச்சுப்போட்டுது. பெண்ணு ஆருன்னு கேட்டானுவ!" என்று ஜெயதாஸ் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

இனி பாக்கி, ஹோமிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பது மட்டும்தான்.

வாசலில் ஒரு குடை மடங்கியது. வெள்ளைச் சேலை. வயது குறைவுதான்.

"வாங்க, வாங்க! அந்தப் பக்கத்தில இருந்துதானே?" ஜெயதாஸ் இரவல் வாங்கிய நாற்காலியைத் துடைத்தார்.

"ஆமா. அந்தப் பக்கத்தில இருந்துதான் வாறேன்." அவள் உட்காரவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். தொட்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணன் குடிப்பேளா?"

"சாயா. அதுவும் இவ தந்தா உண்டு."

"அடிப்பேளா?"

"நான் ஆரையும் அடிச்சதில்ல. போலீசுதான் என்னை..." ஜெயதாஸ் நாக்கைக் கடித்தார். ரத்னபாய் தலையில் கை வைத்தாள். "ஜாதாவுக்குப் போனேன், அம்மா. பொய் எதுக்கு? ஆனா தடியைக் கண்டதும் முதல்ல ஓடினவன் நானாக்கும். எனக்குப் பின்னால ஓடினவன்தான் அடி வாங்கினான்."

வந்தவள் முதல்முறையாகச் சிரித்தாள். "அப்போ பிள்ளை கரைஞ்சு அழுதா நல்ல வேகமா ஓடி வருவேள்."

பிறகு ரத்னபாயிடம் திரும்பினாள். "அக்கா, நாளைக்கு ஒங்க வயித்தில ஒண்ணு பிறந்தா?"

"ரெண்டு தொட்டில் கெட்டுவேன்."

அவள் தையல் மிஷின்மேல் அடுக்கியிருந்த சட்டைகளை எடுத்தாள். ஒன்றைவிட ஒன்று பெரியது.

"அதா? பைலு ஒரு மேசை நகரும்போ பிள்ளை ஒரு சாண் வளருது. நானும் புதுசு தைக்கிறேன். இந்தப் போக்குல போனா அடுத்தது கல்யாணச் சட்டையாக்கும்!" என்றார் ஜெயதாஸ்.

அவள் நடுவிலிருந்த ஒன்றை உருவி ரத்னபாயிடம் கொடுத்தாள். "இது இப்போ அளவுக்குப் பாகமா இரிக்கும்." ஆகச் சின்னதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இது இனி பத்தாது. நான் கொண்டு போகட்டா?"

"கொண்டு போங்க, கொண்டு போங்க. அங்க வேற பிள்ளைங்க உண்டுமே!"

சாயாவைக்கூடத் தொடாமல் அவள் குடையை விரித்தாள். படியில் நின்றாள்.

"உறங்க வைக்கும்போ வலப்பக்கமாச் சரிச்சுக் கிடத்துங்க அக்கா. இங்க... இங்க குடுக்கலாம்."

"குடுக்கலாம்னு சொல்லியாச்சே! கேட்டியா?" ஜெயதாஸ் பானைக்குள்ளிருந்த கொடியை எடுத்து அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொடியை மடிப்பதற்குள் மறுபடி ஒரு குடை. இந்தத் தடவை தடித்த உருவம், பெரிய பை, மேல்மூச்சு.

"நான் செல்லபாய். ஹோமிலிருந்து வாறேன். களியக்காவிளையில ஜாதா, பஸ் ஓடல்ல. நடந்து நடந்து கால்முட்டு போச்சு. குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாருங்க."

ஜெயதாஸ் கொடியும் கையுமாக நின்றார். ரத்னபாய் ஆறிப்போன சாயாவையே நீட்டினாள்.

செல்லபாய் உட்கார்ந்து மடமடவென்று குடித்தார். "ஒரு காரியம் முதல்லயே சொல்லிப்போடுறேன். பிள்ளையை வலப்பக்கமாச் சரிச்சுப் போட்டாத்தான் உறங்கும். இல்லேண்ணா வீடு ரெண்டாகும். இது எனக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை. ஹோமிலயே வேற ஒருத்திக்கும் தெரியாது."

பையிலிருந்து கடுதாசியை எடுத்து விரித்தார். "எல்லாம் சரியா இரிக்கு. ‘பெற்றவள் சம்மதம்’ன்னு ஒரு கட்டம் உண்டு. வராந்தாவில கிடந்த பிள்ளை. போட்டவ ஆருன்னு இண்ணைக்கு வரைக்கும் தெரியாது. அது காலியாத்தான் கிடக்கும்."

ரத்னபாய் ரோட்டைப் பார்த்தாள். தெற்கே வளைவு வரைக்கும் ஒரு குடையும் தெரியவில்லை.

"காலியா விடாண்டாம் அம்மா" என்றாள். "அவ இப்பதான் வந்து சம்மதம் சொல்லிட்டு, பிள்ளைக்க சின்னச் சட்டையும் எடுத்துக்கிட்டுப் போறா."