மாமனார் கேட்ட வலி

ஞானப்பல் எடுக்கப்போன மருமகளுக்குத் துணையாக மாமனார் வந்திருந்தார். அவருக்கு இரண்டு வரிசையும் பல்செட்.

மருத்துவர் முன்கூட்டியே சொன்னார். "மரத்துப்போக ஊசி போடுவேன், அப்போ வலிக்காது. மரப்பு விட்டதும் வலிக்கும். நாளைக்குக் கன்னம் வீங்கும், ஐஸ் வையுங்க."

மருமகளின் முகம் வெளுத்தது. "வேண்டாம் மாமா, வீட்டுக்குப் போயிடலாம்."

"பயப்படாதேம்மா. வலியை என்கிட்ட அனுப்பிடு. பல்லே இல்லாத வாயில வந்து அது என்னத்தைக் கிழிக்கப்போகுது?" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடி, சிரிக்காமல், அதையே கடவுளிடமும் கேட்டுக்கொண்டார்.

மருத்துவர் ஈறைக் கீறிப் பல்லை எடுத்து, தையல் போட்டார்.

மறுநாள் அவளுக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. மாமனாரால்தான் பல்செட்டை மாட்ட முடியவில்லை. அவருடைய வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. இருவரும் மருத்துவரிடம் போனார்கள்.

மருமகளின் ஈறில் ஒரு கீறல்கூட இல்லை. மாமனாரின் வாய்க்குள் விளக்கைத் திருப்பிய மருத்துவர், தான் நேற்று போட்ட தையலை அங்கே பார்த்தார். பிறகு ஐஸ் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

மருமகள் அதை வாங்கி மாமனாரின் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா, உன் கை விறைச்சிடும்" என்றார் அவர்.

கை விறைக்கவில்லை. அவளுடைய வலது கன்னம்தான் மெல்லச் சில்லிட்டது.