குறுக்கே வந்த பூனை

மூன்று முறை தோற்ற தையல்காரி நான்காவது ஓட்டுநர் தேர்வுக்குக் காரைக் கிளப்பியபோது, வாசலிலேயே ஒரு கறுப்புப் பூனை குறுக்கே போனது.

"இன்னைக்கு வேணாம், உள்ள வா," என்றான் கணவன்.

"அக்கா இருக்கிற நாட்டுல இதுதான் அதிர்ஷ்டமாம். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க!"

பாஸானால் பள்ளி வேன் ஓட்டும் வேலை அவளுக்குத் தயாராக இருந்தது.

ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் தேர்வு அதிகாரி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். கியர்கூட இன்று சொன்ன பேச்சைக் கேட்டது. நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்தது. அதே பூனை திடீரென்று குறுக்கே ஓட, பிரேக்கை ஓங்கி மிதித்தாள். அடுத்த கணம், சிவப்பை மதிக்காத ஒரு லாரி கார் மூக்கை உரசுவதுபோல் சீறிக்கொண்டு போனது.

அலுவலகம் திரும்பியதும் அதிகாரி தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"பாஸ்மா! உயிரைக் காப்பாத்திட்டீங்க. லாரி வர்றது எப்படித் தெரிஞ்சுது?"

"லாரியை எங்க சார் பார்த்தேன்? பூனை குறுக்க வந்துச்சே!" அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"குறுக்க எங்கம்மா வந்துச்சு? உங்க பூனை கிளம்பினதிலிருந்து என் மடியிலதானே தூங்குச்சு!"

சிரித்தபடியே இறங்கி, கால்சட்டையைத் தட்டினார். கறுப்பு முடிகள் கொத்துக் கொத்தாகப் பறந்தன.