நஞ்சு வைத்தவர்

“பன்றிகளுக்கு நஞ்சு வச்சது இவன்தான்!”

தெல்தெனியப் பக்கத்துப் பண்ணையின் பணிப்பாளர் வாய் நிறைய மென்றபடி சிங்களத்தில் கத்தினார். எதிரே இருந்த இன்ஸ்பெக்டரும் மென்றுகொண்டிருந்தார். இருவரின் விரல்களிலும் வழிந்த எண்ணெயைப் பார்க்க விரும்பாமல், மச்சமாமிசம் தொடாத விமலநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பன்றிக்குச் சதை வைக்கும் மரபணு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த பண்ணை ஆராய்ச்சியாளர் அவர். அந்த மரபணு இருந்த பன்றிகள் அத்தனையும்தான் நேற்றுச் செத்திருந்தன.

“சேர், அதுகள் கொழுத்ததுகள்தான். ஆனால் திடுக்கிட்டால் செத்துப்போகும். வெடி கொளுத்த வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்.”

“ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிச்சதுக்கு வெடி கொளுத்தினோம். நீ யாழ்ப்பாணத்தான், உனக்குப் பொறுக்கல்ல. நஞ்சு வச்சிட்டாய்!” என்றார் பணிப்பாளர்.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தார்.

“நஞ்செண்டால் சோதிச்சுப் பாருங்கோ,” என்றார் விமலநாதன்.

“சோதிக்காமல் விடுவோமா? செத்த பன்றிகள் எங்கே?” என்று இன்ஸ்பெக்டர் பணிப்பாளரைக் கேட்டார்.

பணிப்பாளரின் கண்கள் மேசை நடுவே பாதி காலியாகியிருந்த இறைச்சிப் பொரியல் தட்டில் போய் நின்றன.

இன்ஸ்பெக்டரின் வாய் அசைவதும் நின்றது. விழுங்குவதா துப்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை.