பெயருக்கான ஷீட்

“எத்தன வருசத்துக்கு நிக்கணும்?”

ஸ்டிக்கர் கடை அண்ணாச்சி எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவள் கணவனைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஷீட் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கதவுக்கு வெளியே பார்த்தான்.

வெளியே வெயிலில் வேன் நின்றது. பழைய வண்டி. வெள்ளைப் பெயிண்ட் மட்டும் புதிது. அதன் பக்கவாட்டில் வரவேண்டிய எழுத்துகள் கணினித் திரையில் தயாராக இருந்தன.

உலகம்மை – இசக்கிமுத்து இட்லி மாவு.

மாவு அரைக்கிறவள் பேர்தான் முதலில் வரவேண்டும் என்றது அவன்தான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றிக் காட்டினார்.

“இது காஸ்ட்டு. மெல்லிசு. வண்டியோட மேடு பள்ளம் எல்லாத்துலயும் படிஞ்சு உக்காந்துரும். ஏழு வருசம் அசையாது. ஆனா உரிச்சா பெயிண்ட்டையும் கூட்டிட்டுத்தான் வரும்.”

“மத்தது?” அவன் கேட்டான்.

“அது ரிமூவபிள். ஒரு வருசம், மிஞ்சிப்போனா ஒன்றரை. வளைவுல லேசா தூக்கும். வேண்டாம்னா உரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். ஒட்டுன தடமே தெரியாது.”

அவன் அந்தத் துண்டைக் கையில் எடுத்தான்.

கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வாரமாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

போன வாரம் சவூதியில், தமாமிலிருந்து அவனுடைய பழைய மேனேஜர் கூப்பிட்டார். இவன் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினான். இறங்கி வந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான். இன்னொரு தோசை கேட்டான். பேசியது என்ன என்று சொல்லவில்லை.

அவள் இன்னொரு தோசை வார்த்தாள்.

இனி சவூதிக்குப் போகமாட்டேன் என்று வந்து இறங்கிய அன்றே சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டாள். அதை நம்பித்தான் பின்கட்டில் கிரைண்டர்கள் வந்து இறங்கின.

அந்த வார்த்தையை அவன் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இப்போது அவன் வெளியே போனான். துண்டை வேனின் பக்கவாட்டில் ஒட்டினான். ஒரு முனையை நகத்தால் கிளப்பி உரித்தான்.

சத்தமே இல்லாமல் வந்தது.

ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தான்.

திரும்ப ஒட்டினான்.

திரும்ப உரித்தான்.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்தாள். அந்த வெறும் வெள்ளை அவனுக்குப் பிடித்திருந்தது. தோள்கள் இலகுவாக இறங்கியதில் தெரிந்தது.

“கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டிய போலுக்கே,” என்றார் அண்ணாச்சி, வெளியே கேட்கும்படி.

“அப்ப எங்கிட்ட யாரு கேட்டா, அண்ணாச்சி?” கதவைத் திறந்து உள்ளே வந்துகொண்டே கேட்டான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கவேண்டிய இடம்.

“இதுவே போதும்,” கையில் இருந்த துண்டைக் காட்டினான். “மொதல்ல யாவாரம் எப்படிப் போவுதுன்னு பாப்போம். புதுப் பெயிண்ட்டு வேற. அத எதுக்குக் கெடுக்கணும்.”

நியாயமான பேச்சு. ஒரு சொல்லையும் குறை சொல்ல முடியாது.

அவளிடம் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னான்.

அண்ணாச்சி ரோலை எடுக்க எழுந்தார்.

“அண்ணாச்சி.”

குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

“எம் பேரையும் இட்லி மாவையும் காஸ்ட்டுல வெட்டுங்க. அவுக பேரு மட்டும் அந்த ரிமூவபிள்லயே இருக்கட்டும்.”

மின்விசிறி சுற்றியது.

அண்ணாச்சி அவனைப் பார்த்தார். அப்புறம் அவளை. பிறகு எதையும் பார்க்காதவர்போல ரோல்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்படி ஒட்டப்பிடாதும்மா. ரெண்டும் ஒண்ணுபோல செவப்பா நிக்காது. ஒரு கோடையில ஒண்ணு வெளுத்துரும். ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியும்.”

“தெரியட்டும்.”

அவன் கையில் இருந்த துண்டு சுருண்டு விரலோடு ஒட்டிக்கொண்டது. உதறினான். விடவில்லை. மறு கையால் பிய்த்தெடுத்தான்.

அவள் அதைப் பார்த்தாள்.

அண்ணாச்சி காஸ்ட் ரோலை இயந்திரத்தில் மாட்டினார். கத்தி இறங்கியது. முதல் எழுத்தின் சுழியை வெட்டத் தொடங்கியது.

ஒட்டுவதற்கு முன் வண்டியைத் துடைக்கவேண்டும். அண்ணாச்சி துணியும் ஸ்பிரிட் பாட்டிலும் எடுத்து நீட்டினார். யாரிடம் என்றில்லாமல், நடுவில்.

அவன் வாங்கிக்கொண்டு வெளியே போனான். கதவு பாதி திறந்தபடியே நின்றது.

அவள் பெயர் வரும் இடத்திலிருந்து ஆரம்பித்தான். அழுத்தித் துடைத்தான். மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் துடைத்தான்.

கை அதைத் தாண்டித் தன் பெயர் வரும் இடத்துக்கு நகர்ந்தது.

நின்றது.

துணி அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி ஈரம் காய்ந்தது. அவன் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

உள்ளே, அவள் பெயரின் கடைசி எழுத்து முடிந்து கத்தி மேலே எழுந்தது.

“அண்ணாச்சி,” என்றான், திரும்பாமல். “அந்தக் காஸ்ட்டு ரோல்ல இன்னொரு பேருக்கு மிச்சம் கெடக்கா?”

அண்ணாச்சி இயந்திரத்தின் பின்னால் குனிந்து ரோலைப் பார்த்தார்.

அவளும் குனிந்தாள்.